குரூப் எடுக்கும் நாள்

திருப்பூர் மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி. பிளஸ் ஒன் சேர்க்கை நடந்துகொண்டிருந்தது. தலைமை ஆசிரியை அறைக்கு வெளியே வேப்பமரத்தடியில் நாற்பது பேருக்குக் குறையாமல் நின்றிருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பிளாஸ்டிக் கவர். அதற்குள் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், டி.சி., சாதிச் சான்றிதழ், ஆதார் ஜெராக்ஸ், நாலு போட்டோ.

வரிசையில் ஓர் அம்மா. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. அரை நாள் பர்மிஷன் சொல்லிவிட்டு வந்திருந்தார். மகள் 500-க்கு 412. கணக்கில் மட்டும் 91.

“என்ன குரூப்மா வேணும்?” என்றார் சேர்க்கையைக் கவனித்த ஆசிரியை.

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா ஆசிரியையைப் பார்த்தார். “எனக்கென்னங்க டீச்சர் தெரியும்? நீங்களே நல்லதாப் பாத்துப் போட்டுக் குடுங்க.”

“நீ சொல்லு கண்ணு. படிச்சு முடிச்சு என்ன வேலைக்குப் போகோணும்?”

“பேங்க்குக்கு, மிஸ்.”

“அப்ப காமர்ஸ் எடுத்துக்க.”

அந்தப் பள்ளியில் காமர்ஸ் குரூப்பின் நான்காவது பாடம் கணினிப் பயன்பாடுகள். வணிகக் கணிதம் அங்கே இல்லை. அது வேண்டுமென்றால் 14 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இன்னொரு பள்ளிக்குப் போக வேண்டும். ஆசிரியை அதையும் மறைக்காமல் சொன்னார். அம்மா கேட்டது ஒரே கேள்வி. “சாயங்காலம் பஸ் எத்தனை மணிக்குங்க வரும்?”

“ஆறே காலுக்கு ஒண்ணு இருக்குது.”

“அப்ப வேண்டாமுங்க. இருட்டீரும். இங்கயே போட்டுருங்க.”

விண்ணப்பத்தில் ஒரு கட்டத்தில் டிக் விழுந்தது. அம்மா கையெழுத்துப் போட்டார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். நான்கு நிமிடம். கணக்கில் 91 வாங்கிய அந்தப் பெண்ணின் பள்ளிக் கணக்கு அந்த நான்கு நிமிடத்தில் முடிந்துபோனது.

இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மகள் இருட்டில் தனியாக வரக் கூடாது என்று அம்மா நினைத்தது தவறில்லை. வாசலில் நாற்பது பேரை நிறுத்தி வைத்துக்கொண்டு ஓர் ஆசிரியையால் ஒரு பிள்ளைக்கு இதற்கு மேல் நேரம் தர முடியாது. ஆனால் வீட்டுக்கு ஒரு மிக்ஸி வாங்கவே நாம் மூன்று கடை ஏறி இறங்குகிறோம். பிள்ளையின் படிப்பில் மிகப் பெரிய முடிவுக்கு நான்கு நிமிடம் கொடுக்கிறோம்.

ஆம், மிகப் பெரிய முடிவு இதுதான். பிளஸ் டூ ரிசல்ட் வரும் நாளைத்தான் நாம் பெரிய நாளாகக் கொண்டாடுகிறோம். தொலைக்காட்சி விவாதங்கள், கட்-ஆஃப் கணிப்புகள், கல்விக் கண்காட்சிகள் எல்லாமே அந்த நாளைச் சுற்றித்தான். ஆனால் அன்று ஒரு மாணவர் எந்தெந்தப் படிப்புக்கு விண்ணப்பிக்க முடியும் என்பது இரண்டு ஆண்டுக்கு முன்பே, குரூப் எடுத்த அன்றே, பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. 1978-ல் தமிழ்நாட்டில் பிளஸ் டூ முறை வந்ததிலிருந்து நிலைமை இதுதான். பதினைந்து வயதில் எடுக்கும் முடிவு. அந்த வயதில் அந்தப் பிள்ளைக்குத் தெரிந்த வேலைகள் டாக்டர், இன்ஜினீயர், டீச்சர், போலீஸ், பேங்க், கலெக்டர்.

2026-ல் பிளஸ் ஒன் சேரும் பிள்ளை 2028-ல் பிளஸ் டூ முடிப்பார். நான்கு ஆண்டு பி.இ. என்றால் வேலை தேடி வெளியே வருவது 2032-ல். ஆக, குரூப் எடுக்கும் அன்று நாம் ஆறு ஆண்டு கழித்து வரப்போகும் வேலைச் சந்தைக்குத்தான் முடிவெடுக்கிறோம். இந்த ஆண்டு எதற்கு மவுசு என்று பக்கத்து வீட்டு அண்ணன் சொல்வதைக் கேட்டு எடுக்கும் முடிவு எப்படிப் பொருந்தும்?

ஆறு ஆண்டில் என்ன நடக்கும் என்பதற்கு அண்மையில் நடந்ததையே பார்க்கலாம். 2019-ல் பத்தாம் வகுப்பு முடித்துக் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்த ஒரு மாணவரை நினைத்துக்கொள்ளுங்கள். கொரோனாவால் 2021-ல் அவருக்குப் பிளஸ் டூ பொதுத்தேர்வே நடக்கவில்லை. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கு 50 சதவீதம், பிளஸ் ஒன்னுக்கு 20, பிளஸ் டூ செய்முறைத் தேர்வுக்கும் அக மதிப்பீட்டுக்கும் 30 என்று கணக்கிட்டுத்தான் மதிப்பெண் கொடுத்தார்கள். எப்போதோ எழுதி மறந்த பத்தாம் வகுப்புத் தேர்வு அவருடைய பொறியியல் கட்-ஆஃபில் பாதியை முடிவு செய்தது. அவர் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. 2025-ல் பட்டம் வாங்கி அவர் இன்டர்வியூவுக்குப் போனபோது, புதிதாகச் சேருபவர்களுக்கு முதலில் கொடுத்துப் பழக்கும் சின்னச் சின்ன புரோகிராம்களை எழுதித் தர ஒரு மென்பொருள் இருந்தது. குரூப் எடுத்த அன்று இதை அவருக்கு யாராலும் சொல்லியிருக்க முடியாது.

விதிகளும் பாதி வழியில் மாறும். தமிழ்நாட்டில் மருத்துவச் சேர்க்கை பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து நடக்கும் என்று நம்பி 2015-ல் பிளஸ் ஒன் சேர்ந்தவர்கள், 2017-ல் நீட் மதிப்பெண்ணோடு நிற்க வேண்டியிருந்தது. 1,200-க்கு 1,176 வாங்கிய அரியலூர் மாவட்டம் குழுமூர் மாணவி அனிதாவை நாம் இழந்தது அந்த ஆண்டில்தான். டெல்லி பல்கலைக்கழகம் உள்ளிட்ட மத்தியப் பல்கலைக்கழகங்களில் இளநிலைப் படிப்புகளுக்கு கியூட் நுழைவுத்தேர்வு 2022-ல் வந்தது. பிளஸ் டூ மதிப்பெண்ணை நம்பிப் படித்துக்கொண்டிருந்தவர்கள் கடைசி ஆண்டில் வேறொரு தேர்வுக்குத் தயாராக வேண்டியிருந்தது.

எனவே ‘எதிர்காலத்தில் எந்தப் படிப்புக்கு வேலை கிடைக்கும்?’ என்ற கேள்விக்குத் துல்லியமாகப் பதில் சொல்பவரை நம்பாதீர்கள். நம் ஊரில் இந்தப் பதில் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. டைப்ரைட்டிங் ஹையரும் ஷார்ட்ஹேண்டும் முடித்தால் போதும் என்ற காலம் இருந்தது. டீச்சர் டிரெயினிங் சீட்டுக்கு அலைந்த காலம் இருந்தது. பிறகு அந்த ஆசிரியர் பயிற்சி நிறுவனங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பொறியியல் கல்லூரிகள் ஐந்நூறைத் தாண்டிப் போய், இன்று நானூற்றுச் சொச்சமாகக் குறைந்திருக்கின்றன. மெக்கானிக்கலுக்கு அடித்துக்கொண்ட அதே கல்லூரிகளில் பிறகு மெக்கானிக்கல் வகுப்பு காலியாகக் கிடந்தது. இப்போது கம்ப்யூட்டர் சயின்ஸின் காலம். தரத்தில் தேறிய கல்லூரிகள் ஒரு பாடப்பிரிவில் இத்தனை இடம்தான் வைத்துக்கொள்ளலாம் என்ற உச்சவரம்பை ஏ.ஐ.சி.டி.இ. 2024-25 முதல் எடுத்துவிட்டது. கல்லூரிகள் கம்ப்யூட்டர் இடங்களைக் கூட்டிக்கொண்டே போகின்றன. எல்லோரும் ஒரே வாசலில் நுழைந்தால் நான்கு ஆண்டு கழித்து எல்லோரும் ஒரே வாசலில்தான் வெளியே வருவார்கள்.

அப்படியானால் திட்டமிடவே முடியாதா? முடியும். என்ன வேலை என்று பதினைந்து வயதில் முடிவு செய்ய வேண்டியதில்லை. பிறகு மனம் மாறினால் போக வழி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக் குரூப்பை எடுக்க வேண்டும். என் பார்வையில் பத்தாம் வகுப்பில் திட்டமிடல் என்றால் இதுதான்.

இந்தக் கண்ணோடு பார்த்தால் பல வழிகளில் குறுக்கே நிற்பது ஒரே பாடம், கணக்கு.

நம் பொறியியல் கலந்தாய்வுக் கட்-ஆஃப் 200-க்கு. அதில் 100 கணக்கு, மீதியில் இயற்பியலும் வேதியியலும் 50, 50. கணக்கு இல்லாத ப்யூர் சயின்ஸ் குரூப் எடுத்தவர் இந்த வரிசையில் நிற்கவே முடியாது. டாக்டராக வேண்டும் என்பதற்காகக் கணக்கை விட்டுவிட்டு, நீட்டில் எதிர்பார்த்த மதிப்பெண் வராமல் போன பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய்ப் பாருங்கள். நர்சிங், பார்மசி, கால்நடை மருத்துவம், வேளாண்மை என்று வழிகள் இருக்கின்றன. அவை நல்ல படிப்புகள். கால்நடை மருத்துவத்துக்கு நம் மாநிலத்தில் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் சேர்க்கை. ஆனாலும் அந்த வீடுகளில் முதலில் கேட்கும் பேச்சு, “பயோ-மேத்ஸ் எடுத்திருந்தா இன்ஜினீயரிங்காவது போட்டிருக்கலாமே” என்பதுதான்.

ராணுவ அதிகாரியாக விரும்பும் பெண் பிள்ளைகளுக்கு 2021-ல் உச்ச நீதிமன்ற உத்தரவால் என்.டி.ஏ. தேர்வு திறந்தது. முதல் பெண்கள் அணி 2025 மே மாதம் பயிற்சி முடித்து வெளியே வந்தது. அந்தத் தேர்வில் ராணுவப் பிரிவுக்குப் பிளஸ் டூவில் எந்த குரூப்பும் போதும். விமானப்படைக்கும் கடற்படைக்கும் இயற்பியல், வேதியியல், கணக்கு மூன்றும் வேண்டும். கப்பலில் அதிகாரியாக வேண்டுமென்றால், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் நுழைவுத்தேர்வுக்கு இயற்பியல், வேதியியல், கணக்கு மூன்றும் தேவை. டெல்லி பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் ஆனர்ஸ் படிக்கக்கூட கியூட்டில் கணக்குத் தேர்வை எழுதியிருக்க வேண்டும். ‘எகனாமிக்ஸ் ஆர்ட்ஸ் பாடம்தானே’ என்று நினைத்துக் கணக்கை விட்டவருக்கு அங்கே இடமில்லை.

இப்போது அந்தத் திருப்பூர்ப் பெண்ணிடம் திரும்புகிறேன். வங்கித் தேர்வை எந்தப் பட்டம் வாங்கியவரும் எழுதலாம். அவள் ஆசைப்பட்ட வேலைக்கான வழி அடைபடவில்லை. ஆனால் அந்தத் தேர்வில் கணக்குத் திறனுக்கென்று ஒரு பகுதி இருக்கிறது. பி.காம். முடித்து அதன் முன் உட்காரும்போது அவள் பள்ளிக் கணக்கைத் தொட்டு ஐந்து ஆண்டு ஆகியிருக்கும். நடுவில் சி.ஏ. படிக்க ஆசை வந்தால், ஃபவுண்டேஷன் தேர்வின் நான்கு தாள்களில் ஒன்று வணிகக் கணிதம், தர்க்கம், புள்ளியியல். பிளஸ் டூவில் வணிகக் கணிதம் படித்தவருக்குப் பாதி வேலை முடிந்திருக்கும். இவள் முதலிலிருந்து தொடங்க வேண்டும். சி.ஏ.வுக்குப் பெரிய கல்லூரிக் கட்டணம் கிடையாது, சிபாரிசு கிடையாது. ஏழை வீட்டுப் பிள்ளைகள் உழைப்பை மட்டும் வைத்து மேலே வரக்கூடிய படிப்புகளில் அது ஒன்று. அதனால்தான் அந்த ஆறே கால் பஸ் என் மனதைவிட்டு அகலவில்லை.

பள்ளியில் எந்த குரூப் இருக்கிறது என்பதைத் தீர்மானிப்பது அங்கே எந்தப் பாட ஆசிரியர் பணியிடம் இருக்கிறது என்பது. பிள்ளையின் விருப்பம் அதற்குப் பிறகுதான். நகரத்தில் இருப்பவர்கள் இதை உணர்வதில்லை. 14 கிலோமீட்டர் என்பது சென்னையில் ஒரு மெட்ரோ பயணம். கிராமத்துப் பெண்ணுக்கு அது ஒரு பாடத்தையே எடுத்துவிடும் தூரம். இதை வீட்டால் சரி செய்ய முடியாது, அரசுதான் செய்ய வேண்டும். ஒவ்வொரு ஒன்றியத்திலும் வணிகக் கணிதம் உள்ள ஓர் அரசுப் பள்ளியாவது இருக்கிறதா, அந்தப் பள்ளிக்கு மாலை ஐந்து மணிக்குத் திரும்பி வர பஸ் இருக்கிறதா என்று கல்வித் துறையும் போக்குவரத்துத் துறையும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கட்டும்.

கணக்கைக் கட்டாயப்படுத்தச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பத்தாம் வகுப்புக் கணக்குக்கும் பிளஸ் ஒன் கணக்குக்கும் இடையே பெரிய தாவல் இருக்கிறது. பத்தாம் வகுப்பில் 95 வாங்கியவர் பிளஸ் ஒன் முதல் இடைப்பருவத் தேர்வில் 30 வாங்கி நொறுங்கிப் போவதை ஒவ்வோர் ஆசிரியரும் பார்த்திருப்பார். கணக்கு உண்மையிலேயே வராத பிள்ளையை ஃபர்ஸ்ட் குரூப்பில் தள்ளுவது கொடுமை. ஆனால் கணக்கு வராததும், கணக்கு வாத்தியாரைக் கண்டு பயப்படுவதும் வேறு வேறு. எது என்று பிள்ளையிடம் பொறுமையாகக் கேட்டால் ஒரே மாலையில் தெரிந்துவிடும். பிளஸ் ஒன் கணக்குப் புத்தகத்தை முன்கூட்டியே வாங்கி, கோடை விடுமுறையில் முதல் இரண்டு பாடங்களைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பாடநூல்கள் அரசு இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

எனக்கும் ஒரு குரூப் கதை உண்டு. நான் படித்த பள்ளியில் மதிப்பெண் வரிசைப்படி குரூப் பிரித்தார்கள். மேலே இருப்பவர்களுக்கு ஃபர்ஸ்ட் குரூப், அடுத்தவர்களுக்கு செகண்ட், மீதிப் பேருக்கு தேர்டு. வரலாறு படிக்க ஆசைப்பட்ட என் நண்பனுக்கு மதிப்பெண் அதிகம் என்பதால் அவனை ஃபர்ஸ்ட் குரூப்பில் உட்கார வைத்தார்கள். “இந்த மார்க்கை வெச்சுக்கிட்டு யாராவது ஆர்ட்ஸ் குரூப் போவாங்களாடா?” என்று அலுவலகத்தில் இருந்தவர் கேட்டது இன்றும் என் காதில் இருக்கிறது. இரண்டு ஆண்டு அவன் இயற்பியல் வகுப்பில் வாய் திறந்ததில்லை. வரலாறு, பொருளாதாரம், அரசியல் அறிவியல் படித்தவர்கள் சட்டத்துக்கும், குடிமைப் பணிகளுக்கும், பத்திரிகைக்கும், ஆய்வுக்கும் போகிறார்கள். அதை மதிப்பெண் குறைந்தவர்களின் குரூப் என்று முத்திரை குத்தும் பழக்கத்தைப் பள்ளிகள் கைவிட வேண்டும்.

தவறான குரூப் எடுத்துவிட்டவர்கள் இதைப் படித்து மனம் உடைய வேண்டாம். சுற்றுவழிகள் இருக்கின்றன. தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் விடுபட்ட பாடத்தைத் தனியாகச் சேர்ந்து எழுதலாம். பிளஸ் டூவுக்குப் பிறகு உயிரியலைக் கூடுதல் பாடமாகப் படித்துத் தேறியவர்களும் நீட் எழுதலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்தது. சென்னை ஐ.ஐ.டி. நடத்தும் பி.எஸ். டேட்டா சயின்ஸ் படிப்புக்கு ஜே.இ.இ. தேவையில்லை. பிளஸ் டூவில் எந்த குரூப் படித்தவரும், பத்தாம் வகுப்பில் கணக்கும் ஆங்கிலமும் படித்திருந்தால், அதன் தகுதித் தேர்வுக்குப் படித்து எழுதிப் பார்க்கலாம். இவையெல்லாம் கூடுதல் உழைப்பும் காலமும் கேட்கும் வழிகள். ஆனால் வழிகள்தான்.

பத்தாம் வகுப்பு முடிந்த கையோடு பாலிடெக்னிக் போவதைத் தோல்வியாக நினைப்பவர்களிடமும் ஒரு வார்த்தை. மூன்று ஆண்டு டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். ஐ.டி.ஐ. முடித்தவர் டிப்ளமோ இரண்டாம் ஆண்டில் சேரலாம். அரசு ஐ.டி.ஐ.யில் கல்விக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. 71 அரசு ஐ.டி.ஐ.கள் டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து புதிய இயந்திரங்களோடு மேம்படுத்தப்பட்டிருக்கின்றன. பதினாறு வயதில் ஒரு சி.என்.சி. மெஷினை இயக்கக் கற்றுக்கொண்டு, இருபத்தைந்தில் பொறியாளராவது பெருமைக்குரிய பாதை. அதற்குத் தோல்வி என்று பெயர் வைத்தது நாம்தான்.

இன்னொன்று. பணத்தைக் கொட்டியும் நாம் தவறு செய்கிறோம். பல பெற்றோர்கள் அரசுப் பள்ளியில் படித்த பிள்ளையைப் பத்தாம் வகுப்பு முடிந்ததும் கடன் வாங்கித் தனியார் ஹாஸ்டல் பள்ளியில் சேர்க்கிறார்கள். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத இட ஒதுக்கீடு மருத்துவத்தில் 2020-லும், பொறியியல் உள்ளிட்ட தொழிற்கல்விப் படிப்புகளில் 2021-லும் வந்தது. அந்த ஒதுக்கீட்டில் இடம் பெறுபவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. கடைசி இரண்டு ஆண்டுக்குப் பள்ளி மாற்றினால் இந்த உரிமை போய்விடும். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய்க்கும் இதுபோன்ற நிபந்தனைகள் உண்டு. டி.சி. வாங்குவதற்கு முன் இதை ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். போகும் பள்ளி பிளஸ் ஒன் பாடத்தை உண்மையிலேயே நடத்துகிறதா என்றும் விசாரியுங்கள். பிளஸ் ஒன் பாடத்தைத் தாண்டிவிட்டு இரண்டு ஆண்டும் பிளஸ் டூ புத்தகத்தையே உருப்போட வைத்த பள்ளிகள் இருந்ததால்தான் 2017-18-ல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். 2025-ல் வந்த மாநிலக் கல்விக் கொள்கையோடு அந்தத் தேர்வு நீங்கிவிட்டது. பிள்ளைகளின் சுமை குறைந்தது நல்லது. பழைய பழக்கம் திரும்பாமல் பார்ப்பது பெற்றோரின் பொறுப்பும்தான். நீட்டிலும் ஜே.இ.இ.யிலும் பிளஸ் ஒன் பாடத்திலிருந்தும் கேள்விகள் வருகின்றன.

அரசிடமும் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் நல்ல முயற்சி. அதன் கல்லூரிக் கனவு நிகழ்ச்சிகளில் நிபுணர்கள் மேடையேறி, என்ன படிக்கலாம், எங்கே படிக்கலாம் என்று விரிவாகச் சொல்கிறார்கள். ஆனால் அங்கே உட்கார்ந்திருப்பது பிளஸ் டூ முடித்த பிள்ளைகள். கப்பல் படிப்பு பற்றி அந்த அரங்கில் முதன்முதலாகக் கேள்விப்படும் காமர்ஸ் மாணவர் என்ன செய்வார்? அதே நிகழ்ச்சியைப் பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு முடிந்ததும், பெற்றோரையும் வரவழைத்து, வேலை நாளில் இல்லாமல் ஞாயிற்றுக்கிழமையில் நடத்துங்கள். பனியன் கம்பெனி அம்மாவும் வர வேண்டும்.

தலைமை ஆசிரியர்களுக்கு ஒன்று. விண்ணப்பத்தைக் கொடுத்த அன்றே கையெழுத்து வாங்காதீர்கள். வீட்டுக்குக் கொடுத்தனுப்பி, ஒரு வாரம் கழித்து வாங்குங்கள். எந்த குரூப் எடுத்தால் எந்தெந்தப் படிப்புக்கு விண்ணப்பிக்க முடியாது என்று ஒரே ஒரு தாளில் தமிழில் அச்சடித்து அதோடு சேர்த்துக் கொடுங்கள். செலவு ஆளுக்கு ஒரு ரூபாய்கூட ஆகாது.

பெற்றோர்களே, சேர்ந்த பிறகும் முதல் சில வாரங்களுக்குள் காரணம் சொல்லிக் கேட்டால் குரூப் மாற்றித் தரும் பள்ளிகள் நிறைய. பிள்ளை பிளஸ் ஒன்னில் சேர்ந்து ஒரு மாதம் ஆவதற்குள் ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து, “பாடம் பிடிச்சிருக்கா?” என்று கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால், மறுநாள் காலையிலேயே பள்ளிக்குப் போங்கள்.